“நம்ம பக்கம் அந்த வழக்கம் இல்ல” – எந்த வழக்கம்?

அப்பா போய் ஒரு வருஷம் ஆகுது. திதி முடிஞ்ச மறுநாள் காலைல சித்தப்பா ஒரு கவரோட வந்தார். உள்ளே விடுதலைப் பத்திரம். பத்திரம் எழுதுறவர்கிட்ட சொல்லி டைப் அடிச்சே வாங்கிட்டு வந்துட்டார். முசரவாக்கத்துல இருக்கிற 70 சென்ட் நிலத்துலயும் தாத்தா வழி வீட்டுலயும் எங்களுக்கு எந்த பாத்தியமும் வேண்டாம், தம்பிக்கே விட்டுக் கொடுக்கிறோம்னு ரெண்டு அக்காவும் கையெழுத்துப் போடணும். பயன் அடையப் போறது நான். அதனால இந்தப் பதிவை ஒரு நடுநிலை ஆராய்ச்சியாளன் எழுதின மாதிரி யாரும் படிக்க வேண்டாம்.

சின்னக்கா பேனாவைக் கையில எடுத்துட்டா. பெரியக்காதான் கேட்டா: “எதுக்கு சித்தப்பா இது?”

“நம்ம பக்கம் பொண்ணுங்களுக்கு நிலத்துல பங்கு குடுக்கிற வழக்கம் இல்லம்மா. உங்களுக்குத்தான் சீர் செஞ்சாச்சே.”

“அந்த வழக்கத்தை யாரு எழுதி வெச்சது?”

சித்தப்பா என்னைப் பார்த்தார். வீட்டுல கல்வெட்டு, பழைய சட்டம்னு புத்தகம் புரட்டுறவன் நான் ஒருத்தன்தான். “நீ சொல்லேம்ப்பா”ங்கிற பார்வை. எனக்கு அப்ப பதில் தெரியல. தெரிஞ்ச மாதிரி தலையாட்டவும் மனசு வரல. “ஒரு மாசம் டைம் குடுங்க”ன்னேன். அந்த ஒரு மாசத்துல படிச்சது கீழே.

முதல்ல துருக்கி வரைக்கும் போயிட்டு வரலாம்

அந்த நேரத்துல என் மேஜை மேல இருந்தது இடைக்காலத் துருக்கியர் பற்றிய குறிப்புகள். சம்பந்தம் இல்லாத மாதிரி தெரியும். ஆனா கேள்வியை எப்படிக் கேட்கணும்னு அங்கதான் புரிஞ்சுது.

மேய்ச்சல் நிலத்துல ஆடும் குதிரையுமாத் திரிஞ்ச துருக்கியர்கள், சுமார் பத்தாம் நூற்றாண்டிலிருந்து கூட்டம் கூட்டமா இஸ்லாத்துக்கு வந்தாங்க. அதுக்கப்புறம் அவங்களுக்கு ரெண்டு சட்டம். ஒண்ணு ‘தோரே’ன்னு சொல்ற குலவழக்கம். இன்னொண்ணு ஷரீஅத். ஒரே கல்யாணத்துல ரெண்டும் மோதுற இடத்தைப் பாருங்க. வழக்கப்படி மாப்பிள்ளை வீடு ‘கலின்’ கொடுக்கணும். 1070களில் பாக்தாதில் மஹ்மூத் அல்-காஷ்கரி தொகுத்த துருக்கி–அரபு அகராதியிலேயே இந்தச் சொல் இருக்கு. அது போய்ச் சேர்றது பெண்ணோட அப்பன் வீட்டுக்கு. ஷரீஅத் சொல்ற ‘மஹர்’ அப்படி இல்ல. அது பெண்ணோட கைக்கு வரணும். அப்பனுக்கும் அதுல உரிமை இல்ல, புருஷனுக்கும் இல்ல. வாரிசுன்னு வந்தா, ஷரீஅத்படி மகனுக்குக் கிடைக்கிறதுல பாதி மகளுக்கு. மேய்ச்சல் வழக்கத்துல மந்தை மகன்களுக்கு, அப்பனோட கூடாரம் கடைசி மகனுக்கு, மகளுக்குச் சீர். புருஷன் செத்தா அவனோட தம்பி அவளைக் கட்டிக்கிறதும் பழைய வழக்கத்துல உண்டு. ஷரீஅத்ல அவ சம்மதம் இல்லாம அது செல்லாது.

அப்ப மதச்சட்டம் பெண்ணுக்கு நல்லது, வழக்கம் கெட்டதுன்னு முடிச்சுடலாமா? அவசரப்படாதீங்க. 1330களில் தங்க நாடோடிக் கூட்டம்னு சொல்ற உஸ்பெக் கான் அரசவைக்கு மொராக்கோ காஜி இபின் பதூதா போறார். வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சு கான் கூடாரத்துல உட்காருறார். ராணி உள்ளே வரும்போது வாசல் வரைக்கும் எழுந்து போய்க் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வர்றார். எல்லார் முன்னாலயும். துருக்கியர்கள்கிட்ட பெண்களுக்கு இருக்கிற மதிப்பைப் பார்த்து அந்த காஜி அசந்துபோய் எழுதியிருக்கார். அந்த மரியாதை வந்தது பழைய வழக்கத்திலிருந்து.

இதே இபின் பதூதா 1340களில் மாலத்தீவுல காஜியா உட்கார்ந்து, அங்க இருக்கிற பெண்கள் மேலாடை போடணும்னு உத்தரவு போட்டுப் பார்த்தார். தன்னோட நீதிமன்றத்துக்குள்ள மட்டும்தான் அது நடந்துச்சு, வெளியில முடியல. அங்கேர்ந்து கிளம்பி நம்ம மதுரை சுல்தான் கியாசுத்தீன் தம்கானிகிட்ட வந்தார். சுல்தானோட மனைவியும் இவரோட மனைவிகள்ல ஒருத்தியும் அக்கா தங்கச்சி.

இதுலேர்ந்து நான் எடுத்துக்கிட்டது இதுதான். மரியாதை வேற, சொத்து வேற. ராணிக்கு எழுந்து நிக்கிற சமுதாயத்துலயே மகளுக்கு மந்தையில பங்கு இல்லாம இருக்கலாம். அதனால ‘அந்தக் காலத்துல பெண்களை மதிச்சாங்களா’ன்னு கேட்டா பதில் வழுக்கிக்கிட்டே போகும். காசு யார் கையில வந்து விழுந்துச்சு, அதை விற்க யாரைக் கேட்கணும், அவ செத்தா யாருக்குப் போச்சு – இந்த மூணையும் கேட்டா ஏதாவது கிடைக்கும். அதே மூணு கேள்வியோட நம்ம ஊருக்கு வருவோம்.

நூல் என்ன சொல்லுது

‘சீதனம்’ங்கிற சொல்லை இன்னிக்கு நாம வரதட்சணைங்கிற அர்த்தத்துல பயன்படுத்துறோம். அது வடமொழி ‘ஸ்த்ரீதனம்’. நேர் அர்த்தம் பெண்ணின் சொத்து. மாப்பிள்ளை வீட்டுக்குப் போற பணம்ங்கிற பொருள் அதுல கிடையவே கிடையாது. ஒரு சொல்லு தலைகீழா மாறிப் போனதுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல.

மனுஸ்மிருதி ஆறு வகைச் சீதனத்தைச் சொல்லுது. கல்யாண நெருப்பு முன்னால கொடுத்தது, புகுந்த வீட்டுக்குப் போகும்போது கொடுத்தது, புருஷன் ஆசையாக் கொடுத்தது, அப்பா, அம்மா, அண்ணன் தம்பி கொடுத்தது. பெண்ணைத் தகப்பன், கணவன், மகன்னு யாராவது ஒரு ஆண் காக்கணும்னு சொன்ன அதே நூல்தான் இது.

அடுத்து யாக்ஞவல்கியர் ஸ்மிருதி. இதுல இதே பட்டியலோட கடைசியில ‘முதலியன’ன்னு ஒரு சொல் இருக்கு. கல்யாணியில் மேலைச் சாளுக்கிய அரசன் ஆறாம் விக்கிரமாதித்தன் காலத்துல (1076–1126) இந்த நூலுக்கு உரை எழுதினவர் விஞ்ஞானேசுவரர். அந்த உரைதான் மிதாக்ஷரா. அவர் அந்த ‘முதலியன’வைப் பிடிச்சுக்கிட்டு கதவை அகலமாத் திறந்துட்டார். வாரிசா வந்தது, விலைக்கு வாங்கினது, பாகத்துல வந்தது, கண்டெடுத்தது எல்லாமே பெண் கையில வந்தா சீதனம்தான்னார். ஸ்த்ரீதனம்ங்கிறதுக்குச் சொல்லோட நேர் பொருளையே எடுத்துக்கணும், தனியாக் குறுகின பொருள் கிடையாதுங்கிறது அவர் வாதம்.

இதே மரபுல இன்னொரு விதி. மகன் இல்லாம, பாகம் பிரிஞ்சு தனியா இருந்தவன் செத்தா அவன் சொத்து முதல்ல மனைவிக்கு, அப்புறம் மகள்களுக்கு, அதுக்கப்புறம்தான் பெத்தவங்களுக்கும் அண்ணன் தம்பிக்கும். சித்தப்பாவும் பெரியப்பாவும் மகளுக்குப் பின்னாலதான் வரிசையில நிக்கிறாங்க. இதை ஞாபகத்துல வெச்சுக்கங்க, பின்னால வேணும்.

இன்னொரு விதியைப் படிச்சப்ப நான் புத்தகத்தை மூடி வெச்சுட்டேன். மனைவியோட சீதனத்தைப் புருஷன் எடுத்துச் செலவு பண்ணலாமா? நாலு சமயத்துல எடுத்துக்கலாம், திருப்பித் தரணும்னு கட்டாயம் இல்ல: பஞ்சம், கட்டாயமா செய்ய வேண்டிய அறக்காரியம், நோய், சிறைப்பட்ட நேரம். மத்த எதுக்கு எடுத்தாலும் திருப்பித் தந்தே ஆகணும். பட்டும் ஜரிகையும் வாங்க மனைவி நகையை அடகு வைக்காத நெசவு வீடு நம்ம பக்கத்துல எத்தனை இருக்கும்? தறிக்குப் பாவு வாங்குறது அந்த நாலுல எதுலயும் வராது.

சரி, மிதாக்ஷரா மட்டும்தான் தெற்குல இருந்ததா? இல்ல. 1200 வாக்குல தேவண்ண பட்டர் எழுதின ஸ்மிருதி சந்திரிகா சீதனத்தை இவ்வளவு அகலமா எடுத்துக்கல. சாஸ்திரம்னு ஒருத்தர் சொன்னா, எந்த சாஸ்திரம்னு கேட்கணும். நூலே ஒரே குரல்ல பேசலை.

கல் என்ன சொல்லுது

நூல் இப்படித்தான் நடக்கணும்னு சொல்லும். நடந்ததைப் பார்க்க கோயில் சுவருக்குத்தான் போகணும். எனக்கு அது பஸ்ல போற தூரம்.

காஞ்சிபுரம் கயிலாசநாதர் கோயிலுக்குள்ள நுழையுறதுக்கு முன்னால, வெளியிலேயே வரிசையா சின்னச் சின்னக் கோயில்கள் நிக்கும். டூரிஸ்ட் பஸ்ல வர்றவங்க அதைத் தாண்டி நேரா உள்ளே போயிடுவாங்க. அதுல ஒண்ணைக் கட்டினது ராஜசிம்ம பல்லவனோட மனைவி ரங்கபதாகை. எட்டாம் நூற்றாண்டு ஆரம்பம். அவ பேர் அங்கேயே வெட்டியிருக்கு. கணவன் பெரிய கோயிலைக் கட்டினான், வாசல்ல இவ தன் பேர்ல ஒண்ணைக் கட்டிக்கிட்டா. சின்னக்காவை ஒரு ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போய்க் காட்டினேன். “ராணிங்க கதை நமக்கு எதுக்குடா”ன்னா. நியாயமான கேள்வி. ராணிகளை வெச்சு ஊரை அளக்கக் கூடாது.

ஆனா ராணிகள்கிட்டயும் ஒண்ணு கத்துக்கலாம், வழக்கம்ங்கிறது ஒண்ணா இல்லைங்கிறதை. சுந்தர சோழன் செத்தப்ப அவன் மனைவி, ராஜராஜனோட அம்மா வானவன்மாதேவி, அவனோட சிதையில் ஏறினா. அதே குடும்பத்துல, ஒரு தலைமுறை மூத்தவ செம்பியன் மாதேவி. கணவன் கண்டராதித்தன் 957 வாக்கில் செத்தப்புறம் நாற்பது வருஷத்துக்கு மேல விதவையா வாழ்ந்தா. அந்த நாற்பது வருஷத்துல கோனேரிராஜபுரம் உட்பட எத்தனையோ கோயில்களைக் கல்லால எடுத்துக் கட்டினா. நிலம் கொடுத்தா, நகை கொடுத்தா. நாளைக்கு யாராவது ‘சோழர் காலத்துல விதவைக்கு இதுதான் வழக்கம்’னு சொன்னா, இந்த ரெண்டு பேர்ல யாரைச் சொல்றீங்கன்னு கேளுங்க.

அரண்மனையை விட்டு இறங்கினா விஷயம் இன்னும் சுவாரசியம். பிராமணப் பெண்கள் நிலம் விற்கிற, தானம் கொடுக்கிற கல்வெட்டுகள்ல ‘முதுகண்’னு ஒரு ஆள் வருவான். அவளுக்குப் பாதுகாவலா நிக்கிற ஆண் உறவு. சொத்து அவளோடது, ஆனா பத்திரத்துல அவன் பேரும் வரும். மனு சொன்னது ஊர்ச் சபையோட எழுத்து வேலையில எப்படி இறங்கியிருக்குங்கிறதுக்கு அந்த ஒரு சொல் போதும். அதே காலத்துல தேவரடியார்கள் கொடுத்த தானங்களைப் பாருங்க. அவங்க தங்களோட பேர்ல, முதுகண் இல்லாமலேயே கொடுக்கிறாங்க. ஒரே ஊர், ஒரே கோயில், ஒரே கல். ஒருத்திக்கு ஆண் துணை வேணும், இன்னொருத்திக்கு வேண்டாம்.

ராஜராஜன் 1014இல் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் கொண்டு வந்து அமர்த்தினது எல்லாருக்கும் தெரியும். ஆளுக்கு ஒரு வீடு, வருஷத்துக்கு நூறு கலம் நெல். அதோட கூட எழுதியிருக்கிற விதி பலருக்குத் தெரியாது. ஒருத்தி செத்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ அவளோட பங்கு அவளுக்கு அடுத்த நெருங்கின உறவுக்குப் போகணும். அந்த உறவுக்குத் தகுதி இல்லைன்னா, தகுதியான வேற ஆளைத் தேர்ந்து வைக்கிற உரிமையும் அந்த உறவுக்கே. ஒரு பெண்ணோட வருமானத்துக்கு வாரிசு விதி. கல்லுல.

லெஸ்லி ஓர் கோயில் பெண்கள் பற்றி 2000ஆம் ஆண்டு வெளியிட்ட நூல்ல இந்தக் கல்வெட்டுகளை எண்ணி எண்ணிப் பார்த்திருக்காங்க. சோழர் காலம் போகப் போக அரண்மனைப் பெண்களோட கொடைகள் குறையுது, கோயில் பெண்களோட கொடைகள் கூடுது. சொத்து இருந்ததாலதான் கோயில்ல இடம், கோயில்ல இடம் இருந்ததாலதான் மரியாதை.

இனி குடியானவன் வீடு. இங்கதான் ‘மஞ்சக்காணி’ வருது. மகளுக்கு மஞ்சள் குங்குமச் செலவுக்குன்னு பிறந்த வீடு எழுதிக் கொடுக்கிற நிலம். பேர் என்னவோ மஞ்சள்னு சின்னதா இருக்கு, கொடுக்கிறது காணி. நிலம். கனகலதா முகுந்த் 1992இல் எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லியில் இந்த மஞ்சள் நிலத்தைத் தலைப்பாவே வெச்சு, இடைக்காலத்திலிருந்து தமிழ்ப் பெண்களோட சொத்துரிமையை எழுதினாங்க. சீதனமா வந்த நிலம்ங்கிற பேச்சு கல்வெட்டுகள்லயும் வருது. அதாவது, மகளுக்கு நிலம் கொடுக்கிறதுக்கு நம்ம மொழியில ஒரு தனிச் சொல்லே இருக்கு. வழக்கமே இல்லாத ஒண்ணுக்கு யாரும் பேர் வைக்க மாட்டாங்க.

கடற்கரைப் பக்கம் போனா இது இன்னும் அழுத்தமா இருக்கும். காயல்பட்டினத்துலயும் கீழக்கரையிலயும் முஸ்லிம் குடும்பங்கள் மகளுக்கு வீட்டைக் கொடுக்கிற வழக்கம் இன்னிக்கும் உண்டு. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து தங்குவார். ஷரீஅத் கணக்குப்படி மகளுக்குப் பாதிப் பங்கு, வழக்கப்படி வீடே அவளுக்கு. துருக்கியர்கிட்ட வழக்கம் மகளை விட்டுட்டு, நூல் அவளைச் சேர்த்துச்சு. இங்க நூலுக்கு மேலயே வழக்கம் கொடுத்துச்சு.

ஒண்ணு சொல்லிடணும். இதையெல்லாம் படிச்சுட்டு ‘ஆஹா, பொற்காலம்’னு யாரும் கிளம்ப வேண்டாம். கல்வெட்டுல வர்றது கொடுக்கிறதுக்குக் கையில இருந்தவங்க மட்டும். நாத்து நட்டவளும், தறிக்குத் தார் சுத்தினவளும் அதுல வரல. நிலத்துல பெரும்பகுதி மகன்களுக்குத்தான் போச்சு. நான் சொல்றது அதைவிடச் சின்ன விஷயம்: மகளுக்கு நிலமே கிடையாதுங்கிறது ஆதிகாலத்து வழக்கம்னு சொன்னா, அதுக்கு எதிரான சாட்சி கல்லுல நிக்குது.

அப்புறம் எப்ப மூடுச்சு?

பெரிய பங்கு கோர்ட்டுக்கு உண்டு. அந்தக் கதை சிவகங்கையில ஆரம்பிக்குது. ஜமீன்தார் கௌரி வல்லபத் தேவர் 1829இல் ஆண் வாரிசு இல்லாம செத்தார். ஜமீன் அவரோட அண்ணன் பிள்ளைகள் வழிக்குப் போச்சு. மகள் கட்டம நாச்சியார் விடல. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய் 1863இல் தீர்ப்பு வந்துச்சு. அந்த ஜமீன் அவர் தானா சம்பாதிச்ச தனிச்சொத்து, கூட்டுக் குடும்பச் சொத்து இல்ல, அதனால மகள் பக்கத்துக்குத்தான். மேல ஞாபகம் வெச்சுக்கச் சொன்னேனே, அந்த வரிசைதான்.

ஆனா ஜெயிச்சதுலயும் ஒரு முடிச்சு. அன்னிக்கு கோர்ட்டுகள் பெண்ணுக்குக் கொடுத்தது முழு உரிமை இல்ல. அவ இருக்கிற வரைக்கும் அனுபவிக்கலாம், தக்க அவசியம் இல்லாம விற்க முடியாது, அவளுக்கப்புறம் அது அவளோட வாரிசுக்குப் போகாம, விட்டுட்டுப் போன ஆணோட அடுத்த வாரிசுக்குத் திரும்பும். 1867இல் இன்னொரு வழக்குல பிரிவி கவுன்சில், புருஷன்கிட்டேர்ந்து வாரிசா வந்த சொத்து சீதனம் ஆகாதுன்னு தீர்த்துடுச்சு. விஞ்ஞானேசுவரர் ஆகும்னு வெளிப்படையா எழுதியிருந்தும்.

மறு வருஷமே, 1868இல், ராமநாதபுரம் ராணி தத்தெடுத்த வழக்குல அதே பிரிவி கவுன்சில் இன்னொண்ணு சொல்லுச்சு. தெளிவா நிரூபிச்ச வழக்கம் எழுதின நூலைவிட மேல். கேட்க நல்லா இருக்கு. ஆனா நிரூபிக்கணுமே. ரங்கபதாகையோட கல்வெட்டை ஹுல்ஷ் படிச்சு அச்சுல கொண்டு வந்ததே 1890இல். கல்லுல இருந்த சாட்சியைப் படிக்கிறதுக்கு முன்னாலயே தீர்ப்பு வந்தாச்சு.

மத்ததை வேகமாச் சொல்றேன். 1937 சட்டம் விதவைக்குப் பங்கு கொடுத்துச்சு, ஆனா அதுவும் ஆயுசு வரைக்கும்தான். 1956 இந்து வாரிசுரிமைச் சட்டம் அந்த முடிச்சை அவிழ்த்து, பெண் கையில இருக்கிற சொத்து முழுசா அவளோடதுன்னு ஆக்குச்சு. அப்பா உயில் எழுதாம செத்தா அவர் சுயமாச் சம்பாதிச்சதுல மகன், மகள், மனைவி எல்லாருக்கும் சமபங்குங்கிறதும் அன்னிக்கே வந்துடுச்சு. பலர் இதை 2005இல் வந்ததா நினைச்சுக்கிட்டிருக்காங்க. பூர்வீகச் சொத்துலதான் பிறவி உரிமை மகனுக்கு மட்டும்னு மிச்சம் இருந்துச்சு. அதை நம்ம தமிழ்நாடு 1989இல் மாத்துச்சு, மார்ச் 25க்கு முன்னால கல்யாணம் ஆனவங்களைத் தவிர. 2005 மத்தியச் சட்டம் அந்த விலக்கையும் எடுத்துடுச்சு. 2005இல் அப்பா உயிரோட இருந்திருக்கணும்னு அவசியம் இல்லைன்னு உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்ட்ல சொல்லுச்சு.

எங்க வீட்டையே எடுத்துக்கங்க. பெரியக்கா கல்யாணம் 1987. சின்னக்கா கல்யாணம் 1992. 1989 சட்டப்படி பார்த்தா தாத்தா வீட்டுல சின்னக்காவுக்கு மட்டும் பாத்தியம், பெரியக்காவுக்கு இல்ல. ஒரே வயித்துல பிறந்தவங்க. 2005க்கப்புறம்தான் ரெண்டு பேரும் ஒண்ணானாங்க.

கடைசியா 2022 ஜனவரி. அருணாசல கவுண்டர் – பொன்னுசாமி வழக்கு, இதுவும் தமிழ்நாட்டுதுதான். 1938இல் ஏலத்துல ஒருத்தர் சொந்தமா வாங்கின நிலம். அவருக்கு ஒரே மகள். 1956 சட்டம் வர்றதுக்கு முன்னாலயே அவர் செத்திருந்தாலும் அது மகளுக்குப் போகுமா, சகோதரன் வழிக்குப் போகுமாங்கிறது கேள்வி. கீழ் நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் ஒரு பக்கம் சொல்ல, உச்ச நீதிமன்றம் ஸ்மிருதிகள், மிதாக்ஷரா, சிவகங்கை வழக்குன்னு எல்லாத்தையும் புரட்டிட்டு, மகளுக்குத்தான்னு சொல்லுச்சு. காரணம் புதுச் சட்டம் இல்ல. பழைய இந்து சட்டத்திலேயும் வழக்கத்திலேயுமே அந்த உரிமை இருந்துச்சுங்கிறது.

திரும்பவும் முசரவாக்கம்

ஒரு மாசம் கழிச்சு எல்லாரும் திண்ணையில உட்கார்ந்தோம். நான் படிச்சதைச் சொன்னேன். சித்தப்பா பொறுமையாக் கேட்டார். அவர் கெட்டவர் இல்ல. தன்னோட அக்கா தங்கச்சிகள்கிட்ட இதே மாதிரி ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்கினவர். நான் சொன்னது சரின்னா அது தப்புன்னு ஆகும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அத்தைகளுக்கும் தெரிஞ்சிருக்கும்.

“சரிப்பா, கல்வெட்டு எல்லாம் இருக்கட்டும். சீர் செஞ்சது செஞ்சதுதானே?”ன்னார்.

அதுவரைக்கும் வெத்தலையை மடிச்சுக்கிட்டே இருந்த அம்மா சொன்னாங்க. “அந்த 70 சென்ட்டு எப்படி வாங்கினதுன்னு உங்களுக்குத் தெரியாதா? என் அட்டிகையும் காசுமாலையும் வித்து வாங்கினதுதானே. மூட்டுறேன் மூட்டுறேன்னு உங்க அண்ணன் கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டு இருந்தாரு.”

யாரும் பேசல. எனக்கு இது தெரியாது. அக்காங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. அந்த அட்டிகை அம்மாவுக்கு அவங்க அம்மா போட்டது. பஞ்சம், அறக்காரியம், நோய், சிறை – நாலுல எதுக்காகவும் எடுக்கல. நிலம் வாங்க எடுத்தார். யாக்ஞவல்கியர் கணக்குப்படி அப்பா அம்மாவுக்குக் கடன்பட்டுத்தான் போயிருக்கார்.

விடுதலைப் பத்திரம் எழுதல. வாரிசுச் சான்றிதழ்ல இருக்கிற நாலு பேர் பேர்லயும் நிலத்துக்குக் கூட்டுப் பட்டாவுக்கு மனு கொடுத்திருக்கோம். வீட்டைப் பத்திப் பேச இன்னும் நாள் இருக்கு, பெரியக்கா அவசரம் இல்லைன்னுட்டா. சித்தப்பா வர்றது கொஞ்சம் குறைஞ்சிருக்கு. பொங்கலுக்கு வருவார்னு நினைக்கிறேன்.

இதைப் படிக்கிற யார் வீட்டுலயாவது இப்படி ஒரு பேப்பர் காத்துக்கிட்டு இருந்தா, ஒண்ணே ஒண்ணு சொல்றேன். விட்டுக் கொடுக்கிறது அவங்க இஷ்டம். பதிவு ஆயிட்டா திரும்பக் கேட்கிறது ரொம்பக் கஷ்டம். அதனால ‘நம்ம பக்கம் வழக்கம் இல்ல’ங்கிற ஒரு வார்த்தைக்காக மட்டும் யாரும் பேனாவை எடுக்க வேண்டாம். எந்தப் பக்கம், எப்பலேர்ந்துன்னு முதல்ல கேளுங்க. அப்படியே அம்மாவோட நகை எங்க போச்சுன்னும் ஒரு தடவை கேட்டுடுங்க.